விளையாட்டுக் கணிப்பொறியும் வீட்டு வரவு செலவும்

தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்நாளில் அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. வாதி, கல்லூரியில் பயிலும் மகன். மகளே வாதியாக நிற்கும் வீடுகளும் உள. பிரதிவாதி, மாதச் சம்பளத்திலோ தொழிற்கூடத்துக் கூலியிலோ குடும்பம் நடத்தும் தந்தை. நீதிபதி, சீட்டுப் பணத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் தாய். வழக்கின் பொருள், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டப்படும் விளையாட்டுக் கணிப்பொறி. மகன் கேட்கும் தொகையைக் கேட்டுத் தந்தை திகைக்கிறார். தந்தை தர இசையும் தொகையைக் கேட்டு மகன் முகம் வாடுகிறான். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம்மவர் பழமொழி. எதை அளப்பது, எவ்வாறு அளப்பது என்று தெரிந்துவிட்டால், இவ்வழக்கில் பாதி அப்போதே தீர்ந்துவிடும். அந்த அளவுகோலை எடுத்துக் காட்டுவதே இங்கு நம் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தை நீக்கிவிடுவோம். விளையாட்டு என்றவுடன் பெரியோர் பலருக்குச் சூதாட்டமே நினைவுக்கு வருகிறது. அவ்விரண்டும் ஒன்றல்ல. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது. மின்விளையாட்டுப் போட்டிகளையோ வேறாகப் பிரித்து ஏற்றுக்கொண்டது. 2023இல் சீனத்தின் ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுகளுக்குப் பதக்கங்களும் அளிக்கப்பட்டன. இனி, விளையாட்டுக்காக வாங்கும் இப்பொறியிலேயே கட்டடப் படம் வரையலாம். திரைப்படத் துண்டுகளைத் தொகுக்கலாம். கணிப்பொறி நிரல் எழுதப் பயிலலாம். ஆகவே இதனை வீண் செலவு என்று தள்ளிவிடுதலும் பொருந்தாது. கேட்டதையெல்லாம் வாங்கித் தருதலும் பொருந்தாது.

இப்பொறி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிந்தால், எந்தப் பாகத்துக்கு எவ்வளவு செலவிடலாம் என்பது தானே விளங்கும். மாதுங்காவில் நம்மவர் நடத்தும் சாப்பாட்டு விடுதி ஒன்றை மனத்தில் கொள்வோம். எந்தப் பந்திக்கு என்ன, எப்போது, எவ்வளவு என்று கணக்கிட்டு ஆணையிடும் தலைமைச் சமையற்காரர் போன்றது பிராசஸர். ஒரே நேரத்தில் வரிசை வரிசையாகச் சென்று எல்லா இலைகளிலும் பரிமாறும் ஆட்கள் கூட்டம் போன்றது கிராபிக்ஸ் கார்டு. காய்கறி நறுக்கி உடனே எடுக்கத் தக்கபடி பரப்பி வைக்கும் மேடை போன்றது ராம் எனப்படும் நினைவகம். மூட்டைகளை அடுக்கி வைக்கும் உக்கிராண அறை போன்றது எஸ்.எஸ்.டி. இவையெல்லாம் இயங்குவதற்கு அடுப்பில் எரியும் தீ போன்றது எஸ்.எம்.பி.எஸ். என்று கடைத்தெருவில் வழங்கும் மின் வழங்கி. இவற்றை இணைத்து நிற்கும் கட்டடமே மதர்போர்டு. சமையற்காரர் எவ்வளவு வல்லவராயினும், பரிமாற ஒரே ஆள் இருந்தால் பந்தி காத்திருக்கத்தான் வேண்டும். நூறு பேர் பரிமாற நின்றாலும், சோறு வடிபடாவிட்டால் பயனில்லை. எந்தப் பாகம் மிகவும் மெலிந்ததோ, அதன் அளவுக்கே முழுப்பொறியும் ஓடும். இஃது ஒன்றே முதல் விதி.

பரிமாற வேண்டிய இலைகள் எத்தனை என்று பார்ப்போம். இப்போது பெரிதும் வழங்கும் திரையில் அகலவாக்கில் 1920 புள்ளிகளும் உயரவாக்கில் 1080 புள்ளிகளும் உள்ளன; மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஆட்டம் தடங்கலின்றி ஓடுவதாகக் கண்ணுக்குத் தோன்ற, நொடிக்கு 60 படங்களாவது தீட்டப்பட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. அவ்வாறாயின் ஒவ்வொரு நொடியும் 12 கோடியே 44 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் கணிக்க வேண்டும். 2560க்கு 1440 என்ற அளவுள்ள திரைக்குப் போனால் புள்ளிகள் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகும். நான்காயிரத் திரை எனப்படும் 3840க்கு 2160 அளவுக்கோ சரியாக நான்கு மடங்காகும். திரையின் அளவை உயர்த்தினால் கிராபிக்ஸ் கார்டின் விலையையும் உயர்த்துகிறோம் என்பது இதனால் பெறப்படும். எனவே கடைக்குப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘எந்தக் கார்டு சிறந்தது?’ என்பதன்று, ‘எந்த ஆட்டம், எந்தத் திரையில்?’ என்பதே. வாலரண்ட் போன்ற போட்டி ஆட்டம் எளிய பொறியிலும் ஓடும். 2023இல் வெளிவந்த கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 அதனினும் சற்று மிகுந்த வலிமை கேட்கும். 2020இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 போன்று, ஒரு நகரத்தையே ஒளியும் நிழலுமாகத் தீட்டிக் காட்டும் ஆட்டமோ பெருவலிமை கேட்கும்.

இனி மூன்று தொகைகளை எடுத்துக்கொண்டு ஆராய்வோம். பாகங்களின் விலை வாரத்துக்கு வாரம் மாறக்கூடியது. 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை அறிவுக்கான பெருங்கணிப்பொறி நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டமையால், உலகெங்கும் ராம் விலை மிக ஏறியது. ஆகையால் இங்குக் கூறும் தொகைகளைத் தோராயமான படிகளாகக் கொண்டு, பங்கீட்டு முறையையே மனத்தில் இருத்த வேண்டுகிறோம். திரையின் விலை இவற்றில் சேரவில்லை.

முதற்படி, ஏறத்தாழ 40,000 ரூபாய். இத்தொகையில் தனிக் கிராபிக்ஸ் கார்டு வாங்க முயலுதல் கூடாது. படம் தீட்டும் பகுதியைத் தன்னுள்ளேயே கொண்ட பிராசஸரை வாங்குவதே முறை. ஏ.எம்.டி. நிறுவனம் 2021இல் வெளியிட்ட ரைசன் 5 5600ஜி இவ்வகையைச் சேர்ந்தது. ஆறு கருக்கள் உடையது. போட்டி ஆட்டங்களுக்கும் படிப்புக்கும் இது போதும். ஆனால் ஒரு நுட்பம் உண்டு. தனிக் கார்டுக்குச் சொந்த நினைவகம் இருக்கும். இத்தகைய பிராசஸரோ பொது நினைவகத்தையே கடன் வாங்கிப் படம் தீட்டுகிறது. ஆதலால் 16 ஜி.பி. ராமை ஒரே பட்டையாக வாங்காமல், எட்டு எட்டாக இரண்டு பட்டைகளாக வாங்க வேண்டும். 3200 வேகமுள்ள டி.டி.ஆர்.4 பட்டை ஒன்று நொடிக்கு 25.6 ஜி.பி. அளவே தரவுகளைக் கொண்டு செல்லும். இரண்டு பட்டைகள் சேர்ந்தால் 51.2 ஜி.பி. கொண்டு செல்லும். அளவில் மாற்றமின்றி, பாதை மட்டும் இரு மடங்கு அகலமாகிறது. பிற்காலத்தில் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பட்டையோடு நிறுத்துவோர், ஆட்டத்தின் வேகத்தில் பெரும்பகுதியை வாங்கிய அன்றே இழக்கின்றனர்.

இப்படியில் நிற்போரை மயக்கும் பொருள் ஒன்று கடைகளில் உண்டு. ‘4 ஜி.பி. கார்டு, மலிவு விலை’ என்று சொல்லி, 2014இல் வெளிவந்த ஜி.டி. 730 போன்ற பழைய கார்டுகளைத் தருவார்கள். 4 ஜி.பி. என்பது பாத்திரத்தின் கொள்ளளவேயன்றிப் பரிமாறும் ஆட்களின் எண்ணிக்கையன்று. மேற்சொன்ன பிராசஸருக்குள் இருக்கும் படப்பகுதியே அக்கார்டை எளிதில் வென்றுவிடும்.

இரண்டாம் படி, ஏறத்தாழ 70,000 முதல் 80,000 ரூபாய் வரை. இங்குத்தான் தனிக் கார்டு பொருள் உடையதாகிறது. மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஐந்தில் இரண்டு பங்கு கார்டுக்கு ஒதுக்கலாம். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-12400எஃப் போன்ற ஆறு கருப் பிராசஸரும், ரேடியான் ஆர்.எக்ஸ். 6600 அல்லது அதன் தரத்துக்கு ஒத்த கார்டும் 1080 திரைக்கு நல்ல இணை. ஆர்.எக்ஸ். 6600 கார்டின் சொந்த நினைவகம் நொடிக்கு 224 ஜி.பி. தரவுகளைக் கொண்டு செல்ல வல்லது. முதற்படியில் கண்ட 51.2 உடன் இதை ஒப்பிட்டால், கொடுத்த பணம் எங்கே போயிற்று என்பது புலனாகும். இங்கும் இரண்டு எச்சரிக்கைகள் கூற வேண்டியுள்ளது. இன்டெல் பிராசஸர் பெயரின் ஈற்றில் ‘எஃப்’ என்ற எழுத்து இருந்தால், அதில் படம் தீட்டும் பகுதி இல்லை என்பது பொருள். கார்டை அடுத்த தீபாவளிக்கு வாங்கலாம் என்று எண்ணி எஃப் வகையை வாங்குவோர், அதுவரை கறுப்புத் திரையையே பார்த்திருக்க நேரும். இரண்டாவது, ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் உலவுகின்றன. ஆர்.டி.எக்ஸ். 3050 என்ற பெயரில் 2022இல் 8 ஜி.பி. கார்டும், 2024இல் 6 ஜி.பி. கார்டும் வெளிவந்தன. வேறுபாடு நினைவகத்தின் அளவில் மட்டும் இல்லை; பின்னதில் கணிக்கும் கருக்களும் குறைவு, தரவுப் பாதையும் குறுகியது. பெயரை மட்டும் கேட்டுப் பணம் கொடுத்தல் ஆகாது.

மூன்றாம் படி, 1,20,000 ரூபாயும் அதற்கு மேலும். இப்படியில் 1440 திரையை நாடலாம். 2023இல் வந்த ரைசன் 5 7600 போன்ற பிராசஸர், டி.டி.ஆர்.5 நினைவகம் 32 ஜி.பி., 2025இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5060 டி.ஐ. அல்லது ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. கார்டுகளில் 16 ஜி.பி. வகை ஆகியவை தம்முள் ஒத்துப்போவன. இவ்விரு கார்டுகளும் 8 ஜி.பி. வகையிலும் கிடைக்கின்றன, விலை குறைவென்று அதை 1440 திரையோடு இணைத்தால், புதிய ஆட்டங்களில் நினைவகம் நிரம்பிப் படம் தத்தித் தத்தி ஓடக்கூடும். வண்ண விளக்குகளுக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் பணத்தைச் சொரிதல் இப்படியினரின் தவறு. விளக்கு எரிவதால் ஆட்டம் ஒரு படம்கூட விரைவாக ஓடுவதில்லை.

எப்படியில் நின்றாலும், பின்னாளில் ஏறுவதற்கு வழி உள்ளதா என்று பார்த்து மதர்போர்டை வாங்க வேண்டும். பிராசஸர் அமரும் பீடத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஏ.எம்.4 என்ற பீடம் 2017இல் முதல் ரைசனோடு பரவலாகி, பல தலைமுறைப் பிராசஸர்களைத் தாங்கியது. 2022இல் வந்த ஏ.எம்.5 பீடத்துக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக அந்நிறுவனம் அறிவித்திருக்கிறது. இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 பீடம் 2021இல் தொடங்கியது; 2024இல் மேசைக் கணிப்பொறிக்கென வெளிவந்த புதிய வரிசைக்குப் பீடம் மாறிவிட்டது. இன்று சிறிதாகத் தொடங்கி, வேலை கிடைத்த பின் பெருக்கிக்கொள்ள எண்ணும் மாணவருக்கு இக்கணக்கு மிகவும் வேண்டியது.

இனி, எல்லோரும் கடைசியாக நினைக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாம் அறிந்த தாராவிக் குடும்பம் ஒன்று. தந்தை தோற்பை தைக்கும் தொழிலாளி. இரண்டாண்டுச் சீட்டுப் பணம் 65,000 ரூபாயை மகனிடம் கொடுத்தார். மகன் தன் தொகைக்கு மீறிய கார்டை ஆசைப்பட்டு வாங்கினான். எஞ்சிய பணம் போதாமையால், கேபினட்டோடு ‘இலவசமாக’ வந்த பெயரற்ற எஸ்.எம்.பி.எஸ்.ஸை ஏற்றுக்கொண்டான். மூன்றாம் மாதம், மழைக்கால இரவொன்றில், கருகிய வாடை எழுந்து பொறி நின்றது. எஸ்.எம்.பி.எஸ். தான் போனதோடன்றி மதர்போர்டையும் கொண்டு போயிற்று. கடைக்காரர் கொடுத்திருந்ததோ வரிசை எண் ஏதுமில்லாத துண்டுச் சீட்டு. அதைக் காட்டி எவரிடமும் வாரண்டி கேட்க இயலவில்லை. தந்தை மகனை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மறுநாள் முதல் இரவில் கூடுதலாக இரண்டு மணி நேரம் தைக்க உட்கார்ந்தார். எத்தனை ஏசியிருந்தாலும் தனக்கு அவ்வளவு உறைத்திராது என்று அப்பிள்ளை பின்னர் நம்மிடம் கூறினான். சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துப் பணம் சேர்த்து, அவனே அவ்விரு பாகங்களையும் மீண்டும் வாங்கினான். நல்வினையாகக் கார்டு தப்பியது.

உண்மையில் வேண்டிய மின்வலிமை அவ்வளவு பெரிதன்று. இரண்டாம் படியில் கூறிய பொறியை எடுத்துக்கொண்டால், பிராசஸர் மிக உழைக்கும்போது 117 வாட், கார்டு 132 வாட், பிற பாகங்கள் 50 வாட். ஆக ஏறத்தாழ 300 வாட். பெயர் பெற்ற நிறுவனத்தின் 500 அல்லது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., 80 பிளஸ் சான்றோடு, தாராளமாகப் போதும். பெரிய எண்ணை அச்சிட்ட மலிவுப் பெட்டியைவிடச் சிறிய எண்ணுள்ள நேர்மையான பெட்டியே மேல். யு.பி.எஸ். வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 600 வி.ஏ. என்று எழுதியிருப்பது பெரும்பாலும் 360 வாட்டே ஆகும். திரையையும் சேர்த்தால் அது எல்லையைத் தொட்டுவிடும். மூன்றுமுனைச் சொருகியில் மண்ணிணைப்பு உண்மையாகவே இருக்கிறதா என்பதையும் மின் பணியாளரைக் கொண்டு சோதித்துக்கொள்ள வேண்டும். நெருக்கமான பழைய குடியிருப்புகளில் முனை இருந்தும் இணைப்பு இல்லாதிருத்தல் உண்டு.

மும்பையில் பாகங்கள் வாங்கும் இடம், டாக்டர் பட்கம்கர் மார்க் என்பது இப்போதைய பெயராயினும், எல்லோர் வாயிலும் இன்னும் லேமிங்டன் ரோடு என்றே வழங்கும் தெருவாகும். தாராவியினர் மாஹிமிலும், மாதுங்காவினர் மாதுங்கா ரோடிலும் மேற்கு வழி மெதுவண்டி ஏறிக் கிராண்ட் ரோடு நிலையத்தில் இறங்கலாம். செம்பூரினர் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாற வேண்டும். தில்லித் தமிழருக்கு நேரு பிளேசும், பெங்களூர்த் தமிழருக்கு எஸ்.பி. ரோடும், சென்னை உறவினர்க்கு ரிச்சி தெருவும் இத்தகைய இடங்கள். மூன்று கடைகளிலாவது எழுத்தில் விலைப்பட்டி வாங்கி, இணைய விற்பனை விலையோடு ஒப்பிட்டு, அதன் பிறகே பணம் கொடுக்க வேண்டும். ‘கச்சா பில் போதுமா? குறைத்துத் தருகிறேன்’ என்று கடைக்காரர் கேட்டால், வேண்டாம் என்றே சொல்ல வேண்டும். கணிப்பொறிப் பாகங்களுக்குரிய ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அவ்வரியை மிச்சப்படுத்துவதாக எண்ணி, மூன்றாண்டு வாரண்டியைத் தோற்கிறோம். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் பக்கா பில்லில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இந்தியும் மராத்தியும் சரளமாக வராத பெற்றோர், பேசும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் விட்டாலும், பில்லைப் படித்துப் பார்க்கும் பொறுப்பைத் தாமே வைத்துக்கொள்வது நலம்.

பழைய கார்டு வாங்கலாமா என்றும் கேட்பார்கள். ஈதீரியம் என்னும் மின்பணத்தைக் கணித்தெடுக்கும் வேலையில் உலகெங்கும் கார்டுகள் இரவு பகலாக ஓடின. 2022 செப்டம்பரில் அம்முறை மாறியதும் அவை பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. எல்லாம் பழுதானவை அல்ல. எனினும் விசிறியும் நினைவகமும் தேய்ந்திருக்கக்கூடும். கண் முன்னே அரை மணி நேரம் ஆட்டத்தை ஓட்டிக் காட்டி, எஞ்சிய வாரண்டிக்கு மூல பில்லும் தந்தாலன்றி வாங்குதல் தகாது. எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் எந்நிலையிலும் பழையதாக வாங்கலாகாது.

மென்பொருளையும் மறந்துவிடக் கூடாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. ஆகவே விண்டோஸ் 11க்கு இடம் தராத மிகப் பழைய பிராசஸரையும் போர்டையும் மலிவென்று வாங்கினால், தொடக்கத்திலேயே தொல்லை. எஸ்.எஸ்.டி. 500 ஜி.பி.க்குக் குறைதல் ஆகாது. பெரிய ஆட்டம் ஒன்றே 100 ஜி.பி.க்கு மேல் இடம் கொள்வதுண்டு.

கடைசியாக, நம் நகரத்தின் காற்றும் மழையும். உப்புக் காற்றும் தூசியும் சேர்ந்து உள்ளே படிந்தால் வெப்பம் வெளியேறாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இணைப்பைக் கழற்றிவிட்டுத் தூரிகையால் துடைத்தல் நன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை மும்பைத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். தாழ்ந்த பகுதியில் வீடுள்ளோர் கேபினட்டைத் தரையில் வைக்காமல், இடுப்பளவு உயரப் பலகையில் வைப்பார்களாக. பழுதாகிக் கழித்த பாகங்களையும் குப்பையில் எறியாமல், 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்றோரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அவற்றை எரித்துச் செம்பு பிரிக்கும் புகை, யாரேனும் ஒரு தொழிலாளியின் மார்பில்தான் போய்ச் சேருகிறது.

தொகுத்துச் சொல்வோம். முதலில் ஆட்டத்தையும் திரையையும் முடிவு செய்க. அடுத்து, வீட்டின் அன்றாடச் செலவுக்கு ஊறு வராத தொகையை முடிவு செய்க. அதிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குரிய பணத்தை முதலிலேயே எடுத்து வைத்துவிடுக. பிறகு கார்டும் பிராசஸரும். அதன் பின் ராமும் எஸ்.எஸ்.டி.யும், ஈற்றில் அழகு. இவ்வரிசையை ஒரு தாளில் எழுதி, தந்தையும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், பிள்ளை ஏன் கேட்கிறான் என்பது தந்தைக்கும், தந்தை ஏன் தயங்குகிறார் என்பது பிள்ளைக்கும் விளங்கும். அந்தத் தாளோடு இருவரும் ஒரே வண்டியில் கிராண்ட் ரோடுக்குப் போய் வரலாம்.